கை நின்ற இடம்

முப்பத்திரண்டு வயதில் நான் ஒரு வயலின் பரீட்சைக்குப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி, பின்னால் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன், நடுவில் மீசையோடு நான். வெளிநாட்டுப் பரீட்சகர் ஒருவர் வந்து ஆளுக்குக் கால்மணி நேரம் கேட்டு மார்க் போடும் கிரேடு பரீட்சை அது. வயலினுக்குத் துணையாக ஒருவர் பியானோ வாசிக்க வேண்டும். அன்றைக்கு எல்லோருக்கும் வாசிக்க அமர்த்தப்பட்டிருந்தவர்தான் அவர். நாற்பதைத் தாண்டியவர், வெளுத்த பருத்திப் புடவை, காலில் ரப்பர் செருப்பு. பியானோவின் முன் உட்காருவதற்கு முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பெடலை வெறுங்காலால்தான் மிதிப்பார் என்பது பிற்பாடு தெரிந்தது.

இரண்டாவது பாட்டில் என் கண் ஒரு வரி தவறி இறங்கிவிட்டது. இசைத்தாளில் கோடு போட்டுப் பிரித்திருக்கும் சின்னக் கட்டங்களை நாங்கள் பார் என்போம். அப்படி எட்டு பாரைத் தாண்டிக் குதித்துவிட்டேன். குதித்தது எனக்கே உறைத்தபோது பியானோவும் குதித்து நான் இருந்த இடத்துக்கு வந்துவிட்டிருந்தது. எப்போது வந்தது, எப்படி வந்தது, தெரியாது. ஒரு சுரம்கூட உரசவில்லை. பரீட்சகர் தலையை ஆட்டியபடி எழுதிக்கொண்டிருந்தார். நான் பாஸ்.

வெளியே வந்ததும் அவரிடம் ஓடினேன். "மேடம், எட்டு பார் விட்டுட்டேன்."

"அப்படியா? எனக்கு ஒண்ணும் தெரியலையே" என்றார், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். பிறகு குரலைத் தாழ்த்தி, "வேற யார்கிட்டயும் இதைச் சொல்லிக்கிட்டுத் திரியாத" என்றார்.

அடுத்த பதினான்கு வருடம் நான் அவரோடு வாசித்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. யாராவது விழுந்தால், விழுந்தது வெளியே தெரிவதற்கு முன் ஏந்திக்கொள்வது அவருடைய இயல்பு. இரக்கம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. இரக்கப்படுகிறவர்கள் நம் முகத்தைப் பார்ப்பார்கள். அவர் பார்க்க மாட்டார். வாசிக்கும்போது அவர் கண் எதிர்ச் சுவரில் ஓர் ஆணி அடித்த துளையில் நிற்கும். காது மட்டும் எங்கள் மேல் இருக்கும்.

எங்கள் என்றால் நானும் யூசுப்பும். யூசுப் என் வயதுக்காரன், முடிச்சூர் சாலையில் அவன் அத்தா ஆரம்பித்த ஹார்டுவேர் கடையைப் பார்த்துக்கொள்பவன். பள்ளிக்கூடத்தில் ஒரு பாதிரியார் கையில் கொடுத்த செல்லோவை அப்படியே பிடித்துக்கொண்டவன். செல்லோ என்பது உட்கார்ந்துகொண்டு முழங்கால்களுக்கு நடுவில் நிறுத்தி வாசிக்கும் பெரிய வயலின். கொஞ்ச காலம் சினிமா ஸ்டுடியோக்களிலும் வாசித்திருக்கிறான். பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமாக எழுதப்பட்ட இசை மேற்கில் ஏராளம். அதற்கு மூன்று பேர் வேண்டும், ஓர் அறை வேண்டும். அறை அவர் வீட்டில் இருந்தது, சிட்லபாக்கத்தில், ஏரிக்கு இரண்டு தெரு தள்ளி. ஞாயிறு ஆராதனை முடிந்து அவர் வீடு திரும்பியதும் நாங்கள் போய்ச் சேர்வோம். தட்டில் மிக்சர் வைப்பார். அவர் மட்டும் ஸ்பூனால் சாப்பிடுவார். கையில் எண்ணெய் பட்டால் பியானோவின் கட்டைகள் பிசுக்குப் பிடித்துவிடுமாம்.

அவர் வெளிநாட்டில் ஆறு வருடம் படித்ததும், அங்கே பெரிய ஆட்களோடு மேடையில் உட்கார்ந்து வாசித்ததும் எனக்கு ஒரு நாள் தற்செயலாகத்தான் தெரியவந்தது. சர்க்கரை டப்பா எடுக்க அலமாரியைத் திறந்தேன். அலமாரித் தட்டில் விரித்திருந்த கெட்டித்தாள் ஒரு கச்சேரி நிகழ்ச்சி நிரல். அதில் நான்கு வெள்ளைக்காரப் பெயர்களுக்கு நடுவில் அவர் பெயர்.

"இதென்னக்கா?"

"அதுவா? நல்ல தடிப் பேப்பர். கரையான் ஏறாது."

ஏன் திரும்பி வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "மம்மி இறந்துட்டாங்க. டாடிக்குத் தனியா டீ போடத் தெரியாது" என்றார். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. இங்கே வந்தபின் அவர் வாசித்ததெல்லாம் தேவாலயம், கல்யாணம், பரீட்சைக்கு வரும் பிள்ளைகள். பிறகு எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள்.

ஒரு கிறிஸ்துமஸ் சமயம். அவருடைய சபையில் பாடகர் குழுவோடு நாங்களும் வாசித்தோம். நான் எண்ணிக்கை தவறி ஒரு பார் முன்னதாகவே நுழைந்துவிட்டேன். என் பின்னால், உச்சக் குரலில் பாடும் சோப்ரானோ பெண்கள் பாதிப் பேர் நுழைந்தார்கள், மீதிப் பேர் நின்றார்கள். அவர் இரண்டு நொடியில் எல்லோரையும் கட்டி இழுத்து ஒரே இடத்தில் சேர்த்துவிட்டார். ஆனால் அந்த இரண்டு நொடி ஆயருக்குக் கேட்டுவிட்டது. முடிந்ததும் வந்து விசாரித்தார்.

"என் தப்புதான் ஐயா. கண்ணு சரியாத் தெரியல. கண்ணாடி போடணும்" என்றார் இவர்.

நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவர் மூக்கில் கண்ணாடி. வாங்கிப் போட்டுப் பார்த்தேன், வெறும் கண்ணாடி, பவரே இல்லை. யூசுப் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். அன்று முதல் வாசிக்கும்போது நான் எண்ணுவதைக் குறைத்துக்கொண்டேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அவர் இருக்கும்போது எண்ணுவானேன்?

ஏந்திக்கொள்ளும் அந்தக் குணத்தில் ஒரு பயங்கரம் இருப்பது அவருடைய அப்பா விஷயத்தில்தான் தெரிந்தது. அப்பா ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். நெடுநெடுவென்று உயரம், எப்போதும் இஸ்திரி போட்ட சட்டை. நாங்கள் போனால் கூடத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். "அன்னைக்கு விழுப்புரத்துல இன்ஜின் கழண்டப்போ, கூட இருந்த டிரைவர்…" என்று இழுப்பார். உள்ளேயிருந்து மகள், "டாடி, டீயில சர்க்கரை போதுமா? ஆறுமுகம் டிரைவருக்குத்தான் இனிப்பே ஆகாதே" என்பார். "ஆங், ஆறுமுகம்" என்று அப்பா தொடர்வார். இரண்டு வருடம் இப்படித்தான் நடந்தது. என் பெயரைக்கூட, நான் கூடத்துக்குள் வருவதற்குள் மகளே சத்தமாகச் சொல்லி வரவேற்றுவிடுவார். அப்பாவுக்கு எடுத்துக்கொடுக்கிறார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பெரியவருக்கு நினைவு கரைந்துகொண்டிருந்தது எங்களுக்கோ, பக்கத்து வீட்டாருக்கோ, பெங்களூரில் இருந்த தம்பிக்கோ தெரியாது. அவ்வளவு சுத்தமாக வாசித்தார் அவர்.

ஒரு ஞாயிறு நாங்கள் மூன்று பேரும் மும்முரமாக வாசித்துக்கொண்டிருந்தபோது பெரியவர் கேட்டைத் திறந்துகொண்டு போய்விட்டார். எதிர் வீட்டுக்காரர் பார்த்திருக்கிறார். "காலையில வாக்கிங் போறாருன்னு நினைச்சேம்மா. குட்மார்னிங்கூடச் சொன்னாரே" என்றார். அவருக்கு மட்டும் விஷயம் தெரிந்திருந்தால் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருப்பார். மதியம் மூன்று மணிக்குத் தாம்பரம் ஸ்டேஷனில், கடைசி பிளாட்பாரத்தின் முனையில் கண்டுபிடித்தோம். செருப்பு இல்லை. பாதம் இரண்டும் கிழிந்திருந்தது. சித்திரை வெயிலில் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வண்டிக்கு ஏன் இன்னும் சிக்னல் விழவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பின் பெரியவர் எழுந்து நடக்கவில்லை. மூன்று மாதத்தில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த அன்று தம்பி எங்கள் முன்னாலேயே கத்தினான்.

"ரெண்டு வருஷமாத் தெரியுமா உனக்கு? ஏன் எங்கிட்டச் சொல்லல? ஒரு ஆள் போட்டிருக்கலாமே. தெருவுல நாலு பேர்கிட்டச் சொல்லி வச்சிருக்கலாமே!"

அவர் டீ டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தார். "சொன்னா எல்லாரும் டாடியை வேற மாதிரி பாப்பாங்க" என்றார். அவ்வளவுதான். அழவில்லை. அடுத்த ஞாயிறு எங்களை வரச் சொன்னார்.

பெருவெள்ளம் வந்த வருடம் முடிச்சூரில் யூசுப்பின் வீட்டுக்குள் கழுத்தளவு தண்ணீர். அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் படகில் ஏற்றிக்கொண்டு வெளியேறினான். செல்லோ உள்ளேயே இருந்தது. நாலு நாள் கழித்துப் போய்ப் பார்த்தபோது பசை விட்டு, பலகை பலகையாகப் பிரிந்து சேற்றோடு ஒட்டிக்கிடந்தது. கடையிலும் சரக்கு முழுக்கத் துருப்பிடித்திருந்தது. யூசுப் ஞாயிற்றுக்கிழமை வருவதை நிறுத்திவிட்டான். அவர் போன் போட்டார். நான் பக்கத்தில் இருந்தேன், ஸ்பீக்கரில் அவன் குரல் கேட்டது.

"நான் வந்து இன்னா பண்ணப் போறேன்க்கா? கையை வீசிக்கினு வந்து குந்திக்கினு இருக்கவா?"

"வா. வந்து தாளைத் திருப்பு. எனக்குத் திருப்ப ஆள் இல்ல."

வந்தான். அவர் தன் பகுதியையும் வாசித்து, செல்லோவின் பகுதியையும் இடது கையில் சேர்த்து வாசித்தார். இரண்டு ஆள் வேலை. விரல்கள் எட்டாத இடத்தில் மணிக்கட்டைத் தூக்கி எறிந்து பிடித்தார். இடது கை அங்கே போனதால் அது செய்ய வேண்டியதையும் வலது கை இழுத்துப்போட்டுக்கொண்டது. யூசுப் பக்கத்தில் உட்கார்ந்து தன் பகுதி இன்னொருவர் கையிலிருந்து வருவதைக் கேட்டபடி தாளைத் திருப்பினான். ஏழெட்டு மாதம் கழித்துப் பழைய செல்லோ ஒன்று அவனுக்குக் கிடைக்கும்வரை இப்படி. அந்த மாதங்களில் ஒரு ஞாயிறுகூட நாங்கள் விடவில்லை.

அவர் கை அப்போதுதான் கெட்டதா என்று எனக்குத் தெரியாது. இந்த நோய்க்குக் காரணம் சொல்ல முடியாது என்று பிறகு ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். ஆனால் அடுத்த வருடம்தான் நான் கவனித்தேன். வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் வாசிக்கும்போது மட்டும் உள்ளே மடங்கின. சோறு பிசையும்போது சரியாக இருக்கும், பேனா பிடித்தால் சரியாக இருக்கும். பியானோவில் வைத்தால் மடங்கிவிடும். மடங்கிய விரல் தொட வேண்டிய சுரத்தை இடது கை தாண்டி வந்து தொட்டுவிட்டுப் போகும். வேகமான பாட்டுகளை ஒவ்வொன்றாக ஒதுக்கினார். "இது சலிச்சுப்போச்சு, வேற எடுப்போம்" என்பார்.

"கை என்னாச்சுக்கா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"நேத்துப் பெட்ஷீட் பிழிஞ்சேன்."

அதை நான் நம்பவில்லை. ஆனாலும் மேலே கேட்கவில்லை. அவர் யாரையும் கேட்டதில்லை, ஆகவே நானும் கேட்காமல் இருப்பதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அப்போதுதான் நகரத்தில் ஒரு இசைச் சங்கத்திலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. ஒழுங்கான அரங்கம், நல்ல பியானோ, கேட்கத் தெரிந்த முந்நூறு பேர். எனக்கு நாற்பத்தாறு வயது. பகலெல்லாம் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் எனக்கு அப்படியொரு மேடை அதற்குமுன் வாய்த்ததில்லை. அவர் கொஞ்சம் தயங்கினார். நான் வற்புறுத்தினேன். "உங்களுக்கு இதெல்லாம் பழக்கம், எனக்கு இதான்க்கா முதல் தடவை" என்றேன். என் முகத்தை ஒரு கணம் பார்த்தார். சரி என்றார்.

ஞாயிறு மாலை ஐந்து மணிக் கச்சேரி. முதல் இரண்டு பகுதியும் நன்றாகவே போயின. மூன்றாவது மெதுவான பகுதி. அதன் மெட்டை முதலில் வயலின் வாசிக்க வேண்டும், பிறகு பியானோ அதே மெட்டை வாங்கிக்கொள்ளும். அப்போது நான் அடித்தந்தியான நாலாவது தந்தியில் ஒரே சுரத்தை நீளமாக இழுத்துக்கொண்டிருப்பேன். யூசுப் செல்லோவின் தந்தியை விரலால் சுண்டிக்கொண்டிருப்பான். மெட்டு மேலே ஏறும் இடத்தில் பியானோ நின்றது.

அவருடைய இரண்டு விரல் மட்டும் இல்லை, வலது கை முழுவதும் முஷ்டி மாதிரி மடங்கிவிட்டது. நான் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்த மெட்டு என் கையில் இருந்தது, ஒரு நிமிடம் முன்னால் நானே வாசித்தது. இழுத்துக்கொண்டிருந்த சுரத்தை விட்டுவிட்டு மெட்டை எடுத்திருந்தால், அப்படித்தான் எழுதியிருக்கிறது என்று முந்நூறு பேரும் நினைத்திருப்பார்கள்.

நான் வில்லை இறக்கினேன். இறக்கிவிட்டுத் திரும்பி அவரைப் பார்த்தேன்.

ஏன் என்று பலமுறை யோசித்துவிட்டேன். பதற்றம் என்று சொல்லிப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. தப்பு என்னுடையது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, அவ்வளவுதான். நான் திரும்பியதும் அரங்கமே என்னோடு சேர்ந்து அவர் பக்கம் திரும்பியது. யூசுப் மட்டும் நிறுத்தாமல் சுண்டிக்கொண்டிருந்தான், டொம், டொம் என்று, மேலே எதுவும் இல்லாமல். இரண்டு பார். பிறகு அவர் இடது கையால் மெட்டைக் கீழே பிடித்து வாசிக்க ஆரம்பித்தார். நான் சேர்ந்துகொண்டேன். முடித்தோம். கை தட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் அமைப்பாளர் என்னைத் தனியே அழைத்தார். "உங்க பியானிஸ்டுக்கு ஏதாவது பிரச்சினையா சார்?"

"ஆமா சார். கொஞ்ச நாளாவே கை சரியில்ல" என்றேன்.

"அடுத்த வருஷம் நீங்க ரெண்டு பேரும் வாங்க. பியானோவுக்கு நாங்களே ஆள் ஏற்பாடு பண்றோம்."

நான் தலையாட்டினேன். திரும்பியபோது அவர் இரண்டடி தள்ளி, குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பார்க் ஸ்டேஷனில் ரயில் ஏறினோம். செல்லோவோடு யூசுப் எப்போதும் காய்கறிக் கூடைக்காரர்கள் ஏறும் வெண்டர் பெட்டியில்தான் ஏறுவான், அங்கேதான் இடம் இருக்கும். அதனால் நானும் அவரும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். மாம்பலத்தில் கூட்டம் ஏறியது. கிண்டியில் இறங்கியது. மீனம்பாக்கம் தாண்டியதும்தான் அவர் பேசினார்.

"நீ என்னைப் பாத்த."

"அக்கா, நான்…"

"நின்னதுகூடப் பரவாயில்ல. எல்லாரும் நிப்போம். நீ திரும்பிப் பாத்த."

சானடோரியம் ஸ்டேஷனில் அவர் இறங்க வேண்டும். எப்போதும் நானும் இறங்கி ஆட்டோ ஏற்றிவிட்டு அடுத்த ரயிலில் போவேன். எழுந்தேன். "நீ உக்காரு" என்றார். உட்கார்ந்துவிட்டேன்.

அதன்பின் ஞாயிற்றுக்கிழமைகள் இல்லை. அவர் போனை எடுக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். நான் போடவே இல்லை. நாலைந்து மாதம் கழித்து யூசுப் ஒரு துணிப்பையைக் கொண்டுவந்து என் வீட்டு வாசலில் வைத்தான். "அக்கா குடுத்தாங்க. நோட்ஸ் புக்கெல்லாம். புதுசா வர்ற பியானோக்காரங்களுக்கு வேணுமாம்" என்றான். உள்ளே வரச் சொன்னேன், கடை இருக்கிறது என்று போய்விட்டான்.

பதினான்கு வருடத்து இசைப் புத்தகங்கள். பியானோ வாசிப்பவரின் தாளில் மற்றவர்களின் வரியும் மேலே சின்னதாக அச்சாகியிருக்கும். அந்த என் வரிக்கு மேல் அங்கங்கே பென்சிலால் எழுதியிருந்தார். 'இங்கே ஓடுவான், விடு.' 'எண்ண மாட்டான். ஒரு பார் முன்னால் வந்தால் நீயும் ஒரு பார் தாண்டு.' 'இந்த இடத்தில் பயப்படுவான், சத்தம் கொடு.' யூசுப்பின் வரியில், 'மழைநாளில் சுருதி இறங்கும்.' பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. நான் சமாளித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு இடத்திலும் அவர் முன்கூட்டியே வந்து நின்றிருக்கிறார்.

அந்தக் கச்சேரியின் புத்தகம் அடியில் இருந்தது. மூன்றாவது பகுதியைத் திருப்பினேன். மெட்டு மேலே ஏறும் இடத்தில் இரண்டு பாரைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில் சிறிய எழுத்தில், 'கை நிற்கலாம். அவனுக்கு மனப்பாடம்.'

மறுநாள் அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு சிட்லபாக்கம் போனேன். கூடத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்தன. தம்பி பெங்களூருக்கு வந்துவிடச் சொல்லிவிட்டானாம். நான் நினைத்து வந்ததைச் சொல்ல வழியில்லை, ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். மாடம்பாக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, மகளுடைய பரீட்சைக்குப் பியானோ வாசிக்க இவரைக் கேட்க வந்தவர்.

"சார்தானே வயலின்?" என்று அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார். "அந்தக் கச்சேரிக்கு நாங்க வந்திருந்தோம். நடுவுல ஒரு இடத்துல நின்னுச்சே, ஏன் மேடம்? என் பொண்ணு வீட்டுக்கு வந்தும் கேட்டுட்டே இருந்தா."

அவர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "என் தப்புங்க. வயலின்ல முதல் தந்தி அறுந்துபோச்சு. அதான் எல்லாரும் நின்னோம்."

"ஓ, அப்படியா" என்றார் அந்த அம்மா.

இவர் வழக்கம்போல மிக்சரை ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஸ்பூனைத் தட்டில் வைத்தார். வலது கையை எடுத்து, மூடியிருந்த பியானோவின் மேல் பலகையில் வாசிப்பது போல வைத்தார். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கி உள்ளே போயின.

"தந்தியெல்லாம் அறுந்துபோகலம்மா. என் கை போயிடுச்சு. ரெண்டு மூணு வருஷமாவே இப்படித்தான். உங்க பொண்ணுக்கு நான் வாசிச்சா, நடுவுல நின்னாலும் நின்னுடும். வேற ஆளைப் பாருங்க."

அந்த அம்மா எழுந்து பக்கத்தில் வந்து கையை உற்றுப் பார்த்தார். "வலிக்குதா மேடம்?"

"வலியே இல்ல. அதான் கஷ்டம்."

"பிசியோவுக்குப் போனீங்களா? எங்க மாமியாருக்குத் தோள்பட்டை…" என்று அவர் குரோம்பேட்டையில் தனக்குத் தெரிந்த ஓர் இடத்தைச் சொல்ல ஆரம்பித்தார். இவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கையை எடுக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த அம்மா போனதும் இவர் கேட் வரைக்கும் என்னோடு வந்தார். "முதல் தந்தியாம். அந்த இடத்துல நீ நாலாவது தந்தியில ஒரே சுரத்தை இழுத்துக்கிட்டிருக்கே. பொய் சொன்னா நோட்ஸைப் பாத்துச் சொல்ல வேணாமா?" என்றார். சிரித்தாரா என்று தெரியவில்லை. குரல் சிரிக்கவில்லை.

"புக்கைப் பாத்தேன்க்கா. வட்டம் போட்டிருந்ததைப் பாத்தேன். மன்னிச்சுடுங்க."

அவர் கேட்டின் கொண்டியை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தார். துருப்பிடித்த சத்தம் வந்தது.

"நான் வட்டம் போட்டது தப்பு. உங்கிட்ட வாயால சொல்லியிருக்கணும், இந்த இடத்துல கை நிக்கும், நீ எடுத்துக்கோன்னு. சொன்னா நீ வேற மாதிரி பாப்பியோன்னு நினைச்சேன். அது என்னோட இருக்கட்டும். ஆனா அந்த ரெண்டு பாரை யூசுப் ஒத்தையா வாசிச்சான் பாரு, அவன்கிட்டக் கேளு மன்னிப்பை."

நேராக முடிச்சூர் சாலைக்குப் போனேன். யூசுப் கடையில் நைலான் கயிறு அளந்துகொண்டிருந்தான். வாடிக்கையாளர் ஒருவர் காத்திருந்தார். நான் கல்லாவின் ஓரமாக நின்று, கச்சேரியில் உன்னைத் தனியே விட்டுவிட்டேன், தப்புதான், மன்னித்துக்கொள் என்று சொன்னேன். சொல்லும்போது வார்த்தை முன்னும் பின்னுமாக வந்தது.

அவன் கயிற்றை அளப்பதை நிறுத்தவில்லை. "அக்கா சொல்லி அனுப்பிச்சாங்களா?" என்றான்.

"ஆமா."

"சரி."

கயிற்றை இழுத்து, மீட்டர் கோலில் வைத்து, இன்னும் ஒரு முழம் இழுத்தான்.

"நீயா வந்திருந்தா நல்லா இருந்திருக்கும் மச்சான்" என்றான். பிறகு அந்த வாடிக்கையாளர் பக்கம் திரும்பி, "பத்து மீட்டர் போதுமாண்ணா, இன்னும் கொஞ்சம் விடட்டா?" என்று கேட்டான்.